மின்கலம் வேண்டாத ஒளிமானி

புகைப்படம் எடுக்கும் ஒவ்வொருவரும் முதலில் விடை காண வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. பிலிமின் மீது எவ்வளவு ஒளி, எவ்வளவு நேரம் விழ வேண்டும்? ஒளி மிகுந்தால் படம் வெளிறிவிடும், குறைந்தால் இருண்டுவிடும். பழகியவர்கள் வானத்தைப் பார்த்தே இதனைக் கணித்துவிடுவார்கள். பழகாதவர்களுக்குத் துணையாகத் தோன்றியதே ஒளிமானி. 1932-ல் அமெரிக்காவின் வெஸ்டன் கம்பெனி ஒளியால் இயங்கும் கைமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1935-ல் ஜெர்மனியின் ஜைஸ் ஐக்கான் ஸ்தாபனம், தனது ‘கான்டாஃப்ளெக்ஸ்’ காமிராவின் உடலிலேயே ஒளிமானியைப் பொருத்தியது. ஆயினும் அவ்வசதியை நடுத்தரக் குடும்பங்களின் கைக்குக் கொண்டுவந்தவை 1960-க்குப் பின் வெளிவந்த ஜப்பானியக் காமிராக்களே.

அவற்றுள் ஒன்று, 1967 முதல் 1984 வரை உற்பத்தியான ‘ஒலிம்பஸ் டிரிப் 35’. மும்பையின் சோர் பஜார் போன்ற பழம்பொருள் சந்தைகளில் இத்தகைய காமிராக்களை இன்றும் காணலாம். ஊழியர்களும் ஆசிரியர்களும் இதன் இயல்பை அறிந்துகொண்டால், பழைய கருவியைப் பயன்படுத்துவதோடு, கையிலுள்ள புதிய கருவியையும் தெளிவாகப் புரிந்துகொள்வார்கள்.

செலினியம் செய்யும் வேலை

இக்காமிராவின் லென்ஸைச் சுற்றித் தேன்கூட்டைப் போன்ற ஒரு வளையம் உள்ளது. அதன் பின்னால் செலினியம் பூசப்பட்ட ஒளிக்கலம் இருக்கிறது. ஒளி பட்டால் செலினியத்தின் மின்தடை மாறுகிறது என்பதை 1873-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லோபி ஸ்மித் வெளியிட்டார். 1883-ல் அமெரிக்கரான சார்லஸ் ஃபிரிட்ஸ், ஒளியிலிருந்து மின்சாரம் தரும் செலினியக் கலத்தை அமைத்தார். காமிராவில் உள்ளதும் அதே வகையைச் சேர்ந்ததுதான். ஒளி பட்டதும் அதில் மிகச் சிறிய மின்னோட்டம் எழுந்து, ஒரு முள்ளை நகர்த்துகிறது. பொத்தானைப் பாதி அழுத்தியதும், படிக்கட்டைப் போன்ற ஒரு தகடு அம்முள்ளை நின்ற இடத்திலேயே பிடித்துக்கொள்கிறது. முள்ளின் நிலைக்கேற்ப லென்ஸ் துவாரத்தின் அளவும், ஷட்டரின் வேகமும் அமைகின்றன. வேகம் ஒரு செகண்டில் 200-ல் ஒரு பங்கு, அல்லது 40-ல் ஒரு பங்கு. ஒளி போதாதபோது பார்வைச் சாளரத்தில் சிவப்புக் கொடி எழும்; ஷட்டர் திறக்காது.

இதற்கு மின்கலம் தேவையில்லை என்பது பெருநன்மை. பின்னர் வந்த பல காமிராக்களின் ஒளிமானிக்குப் பாதரச மின்கலம் வேண்டியிருந்தது. பாதரசத்தின் கொடுமையை உலகுக்கு உணர்த்தியது ஜப்பானின் மினமாட்டா நகரமே. அந்நகரின் பெயரால் 2013-ல் ஏற்பட்ட சர்வதேச ஒப்பந்தத்தை இந்தியா 2018-ல் உறுதிசெய்தது. பாதரச மின்கலங்கள் சந்தையிலிருந்து மறைந்துவிட்டன. அவற்றின் அழுத்தம் 1.35 வோல்ட். அவ்விடத்தில் 1.5 வோல்ட் கலத்தை இட்டால், பல காமிராக்களின் ஒளிமானி தவறான அளவைக் காட்டும். செலினியக் காமிராவுக்கு இத்தொல்லை இல்லை.

ஒளிமானி ஏமாறும் இடங்கள்

முள் அறிவது எதிரிலுள்ள காட்சியின் சராசரி ஒளியை மட்டுமே. எந்தக் காட்சியும் தன்மீது விழும் ஒளியில் ஏறக்குறைய 18 சதவிகிதத்தைத் திருப்பியனுப்பும் நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்று அது கொள்கிறது. இந்த அனுமானம் பொருந்தாத இடத்தில் படம் கெடும்.

தாராவியின் கும்பர்வாடாவில் குயவர்கள் வாழும் சந்துகளை எடுத்துக்கொள்வோம். பகலிலும் சந்தில் நிழல். மேலேயோ வெயில் காயும் வானம். வானம் படத்தில் மிகுதியாகப் புகுந்தால், ஒளிமானி லென்ஸ் துவாரத்தைச் சுருக்கிவிடும். நிழலில் பானை வனைபவரின் முகம் கருமையில் மறைந்துவிடும். மாட்டுங்காவின் பூக்கடையில் மல்லிகைக் குவியலை நெருங்கி எடுத்தாலும் துவாரம் சுருங்கும். வெள்ளை மல்லிகை சாம்பல் நிறமாகத் தோன்றும். கரிக்குவியலை எடுத்தால் இதற்கு நேர்மாறாகக் கரி வெளிறும்.

இது அழகு பற்றிய பிரச்சினை மட்டுமன்று. தாராவி மறுவளர்ச்சித் திட்டத்துக்கு உட்பட்ட பகுதி. இன்றுள்ள சந்தும் சூளையும் நாளை அதே வடிவில் இருக்கும் என்ற உறுதியில்லை. பிலிமைக் கழுவும் வரை பிழை தெரியாது. தெரிந்தபின் மீண்டும் எடுக்கக் காட்சி இராது. எனவே இரண்டு பரிகாரங்களை நினைவிற்கொள்வது நலம்.

முதலாவது, காமிராவைச் சற்றே கீழ்நோக்கி, முகத்தின் மீது விழும் அதே நிழல் விழுந்த தரையைக் காட்டிப் பொத்தானைப் பாதி அழுத்த வேண்டும். விரலை எடுக்காமல் காமிராவை உயர்த்தி, பிறகு முழுவதும் அழுத்த வேண்டும். இரண்டாவது, பிலிம் வேகத்தைக் குறிக்கும் வளையத்தை மாற்றுவது. 200 வேகமுள்ள பிலிமுக்கு வளையத்தை 100-ல் வைத்தால் ஒளி இருமடங்காகும். மல்லிகை வெண்மையாக வரும். கரிக்குவியலுக்கு 400-ல் வைக்கலாம். வேலை முடிந்ததும் வளையத்தைப் பழைய எண்ணுக்குத் திருப்ப மறத்தலாகாது.

வகுப்பில் செய்து காட்டக்கூடிய சோதனை

பழைய காமிராவை வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனையும் இதுவே. பிலிம் இல்லாமல், வளையத்தை ‘ஏ’ என்ற குறியில் வைத்து, சக்கரத்தை முழுவதும் சுற்றுக. தேன்கூட்டு வளையத்தைக் கையால் மூடிப் பொத்தானை அழுத்தினால் சிவப்புக் கொடி எழ வேண்டும். பின்னர் முன்புறமிருந்து லென்ஸைப் பார்த்தவாறு, முதலில் அறையிலும் அடுத்து வெயிலிலும் பொத்தானைப் பாதி அழுத்துக. அறையில் துவாரம் அகன்றும், வெயிலில் கடுகினும் சற்றே பெரிதாகவும் காணப்பட வேண்டும். இரண்டிடத்திலும் ஒரே அளவாயிருந்தால், ஒளிக்கலமோ முள்ளோ பழுதென்று கொள்ளலாம். ஒளி மின்சாரமாவதையும், அம்மின்சாரம் ஓர் இயக்கமாவதையும் மாணவர்கள் இதில் ஒருங்கே காண்பார்கள். கூரையின்மீதுள்ள சூரிய மின்தகட்டை விளக்க இது நல்ல தொடக்கம்.

ஈரம் செலினியக் கலத்துக்குப் பகை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் பெய்யும் மழை கலத்தின் இணைப்புகளை அரிக்கும். லென்ஸில் பூஞ்சை படரச் செய்யும். தோலுறையில் பூட்டி வைக்காமல், சிலிக்கா ஜெல் இட்ட மூடிய டப்பாவில் வைப்பதே முறை.

இன்றைய கைப்பேசிக் காமிராவும் ஒளியை அளந்தே படமெடுக்கிறது. அதன் கணிப்பு நுட்பமானதே. ஆயினும் வானத்தின் முன் நிற்கும் முகம் அதிலும் சிலவேளை இருளும். அப்போது திரையில் முகத்தின்மீது விரல் வைப்பது, பழைய காமிராவைத் தரைநோக்கித் தாழ்த்துவதற்கு ஒப்பானது. எந்த இடத்தின் ஒளியை அளக்க வேண்டும் என்பதைப் படமெடுப்பவரே முடிவுசெய்ய வேண்டும்.