முத்திரை இல்லாத கருவி

பார்சல் ஆபீசிலுள்ள எடை இயந்திரத்தில் அரசாங்க முத்திரை இல்லாவிடில் வியாபாரி சண்டைக்கு வருவார், அது நியாயமே. ஆயினும் முத்திரை பெற்ற இயந்திரத்தின் அடியில் ஒரு கல் சிக்கிக்கொண்டால் எடை பிசகத்தான் செய்யும். இதை நான் பல முறை கண்டிருக்கிறேன்.

என் தமக்கையின் மகன், நண்பர் இருவருடன் சேர்ந்து சிறியதொரு மென்பொருள் தொழில் தொடங்கியிருக்கிறான். ஓர் ஆலையின் இயந்திரத்திற்கு 'அடா' என்னும் கணினி மொழியில் நிரல் எழுதும் வேலை கிடைத்தது. மனிதன் எழுதும் நிரலை இயந்திர மொழிக்கு மாற்றித் தருவது கம்பைலர். சான்றிதழும் பராமரிப்பும் உள்ளதை வாங்க அவர்களிடம் பணம் இல்லை. இலவசமாகக் கிடைக்கும் ஜிசிசி கம்பைலருக்கோ சான்றிதழ் இல்லை. "கூலி வாங்கிக்கொண்டு இதில் செய்து கொடுக்கலாமா, மாமா?" என்று கேட்டான். நான் மெட்ரிகுலேஷனோடு நின்றவன். அவன் விளக்கியதையும் நான் படித்தறிந்ததையும் கொண்டே இதை எழுதுகிறேன்.

அடா, அமெரிக்கப் பாதுகாப்பு இலாகாவுக்காக உருவான மொழி. 1815-இல் பிறந்த அடா லவ்லேஸ் அம்மையாரின் பெயர் அதற்கு இடப்பட்டது; அதன் தர ஆவணத்தின் எண்ணும் 1815 தான். கம்பைலர்கள் மொழியின் விதிகளை வழுவாது பின்பற்றுகின்றனவா என்று அறியச் சோதனை நிரல்கள் வகுக்கப்பட்டன. 1983-இல் முதன்முதலாகத் தேறியது நியூயார்க் பல்கலைக்கழகத்தினருடையது. அது ஆமை வேகத்தில் நடந்தது! சான்றிதழ் விதிக்கே உறுதி கூறிற்று, வேகத்திற்கன்று, பிழையின்மைக்குமன்று.

1996 ஜூன் 4-ஆம் தேதி ஏரியேன்-5 ராக்கெட் புறப்பட்ட சுமார் 40 வினாடிகளில் சிதறியது. அதன் நிரலும் அடாவில் எழுதப்பட்டதே. 16 பிட் இடத்தில் அடங்காத எண்ணை அதில் புகுத்த முயன்றதே காரணம். அவ்விடத்தில் காப்பு வேண்டாமென விட்டவர்கள் மனிதர்கள், கம்பைலர்மீது குற்றமில்லை.

ரயில்வே சிக்னல் போன்ற உயிர் காக்கும் வேலையாயின் நான் 'கூடாது' என்றே சொல்லியிருப்பேன். ஐரோப்பிய ரயில்வே விதியாக வெளிவந்த ஈஎன் 50128, கம்பைலரையும் கடும் பரிசீலனைக்குரிய கருவியாகவே வகுத்தது. இது சாதாரண ஆலை வேலை. இயந்திரத்தை நிறுத்தும் பாதுகாப்பு விசை தனியே உள்ளது.

ஆனால் பையன் கவனியாத வேறொன்று இருந்தது: உரிமப் பத்திரம். அவன் முதலில் இறக்கி வைத்திருந்தது 2021-ஆம் ஆண்டின் இலவசச் சமூகப் பதிப்பு. அதன் நூலகத்தைச் சேர்த்து நிரலை வெளியே கொடுத்தால், வாங்குபவருக்கு மூல நிரலையும் கொடுத்து, பிறருக்கு வழங்கும் உரிமையையும் அளிக்க வேண்டும். ஜிசிசியுடன் வரும் நூலகத்திற்கு அந்நிபந்தனையிலிருந்து விலக்கு உண்டு. எழுத்துப் பொடியாக இருக்கிறதென்று படியாமல் விட்டானாம்! சரக்கு ரசீதின் பின்பக்கத்தைப் படியாமல் கையொப்பமிட்டு வருந்துவோரை நான் அன்றாடம் பார்க்கிறேன்.

சோதனை நிரல்கள் இப்பொழுது எவருக்கும் கிடைக்கின்றன. அவற்றைத் தாங்களே ஓட்டி முடிவுகளைக் குறித்து வைக்கவும், வேலை முடியும்வரை கம்பைலரின் பதிப்பை மாற்றாதிருக்கவும், சான்றிதழ் இல்லையென்பதை ஆலைக்காரருக்கு முன்கூட்டியே எழுதிவிடவும் சொன்னேன். கடைசி யோசனைக்கு அவன் தயங்கினான். வேலை கைநழுவிப் போகுமென்ற பயம். இரண்டு நாள் கழித்து எழுதினான். சோதனை முடிவுகளின் நகல் ஒன்றைத் தமக்கும் அனுப்பும்படி ஆலையிலிருந்து பதில் வந்திருக்கிறது.