பெக்மடைட்டில் படிகங்கள் ஏன் பெரிதாக இருக்கின்றன?



ஆசாகான் பக்கம் போனால் 1,276 மீட்டர் உயர லேடாங் மலை தெரியும். அது கிரானைட் மலை. கிரானைட் இறுகும்போது கடைசியில் மிஞ்சும் பாறைக்குழம்பு, வெடிப்புகளில் புகுந்து இறுகினால் அதுதான் பெக்மடைட். ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ், மைக்கா மூன்றும் அதில் பெரிய படிகங்களாக இருக்கும்.

"மெல்லக் குளிர்ந்ததால் பெரிதானது" என்று மட்டும் எழுதாதீங்க. ஒடுங்கிய வெடிப்பில் குழம்பு சீக்கிரமே குளிரலாம். மிஞ்சிய குழம்பில் நீரும் போரான், ஃபுளோரின் போன்றவையும் சேர்ந்திருக்கும். அவை குழம்பை இளக்கிவிடும். புதிய படிகங்கள் குறைவாகவே தோன்றும். தோன்றியவை வேகமாக வளரும்.

இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில், ஓவல பகுதியில் பெக்மடைட்டிலிருந்து ஃபெல்ட்ஸ்பார் எடுக்கிறார்கள். பீங்கான் சூளையில் அது முதலில் உருகி, மற்றத் துகள்களைப் பிணைக்கும்.

கல் கையில் கிடைத்தால்? கடினத்தன்மை ஃபெல்ட்ஸ்பாருக்கு 6, குவார்ட்ஸுக்கு 7. இரண்டுமே கண்ணாடியைக் கீறும். அதனால் உடைந்த முகத்தைப் பாருங்க. ஃபெல்ட்ஸ்பார் ஏறக்குறையச் செங்கோணத்தில் இரு தட்டையான தளங்களாகப் பிளந்திருக்கும். குவார்ட்ஸ் கண்ணாடிச் சில்லு மாதிரி வளைந்து உடைந்திருக்கும்.

தேர்வில் குளிர்ச்சியோடு நீரின் பங்கையும் சேர்த்து எழுதுங்க. அப்போதுதான் விடை முழுமையாகும்.