அனுமதிக்குக் காத்திருந்த அண்ணலார்

வடபழனியிலிருந்து ஆற்காடு சாலை வழியே சாலிகிராமம் செல்வோர், அங்குள்ள பாஸ்போர்ட் சேவை மையத்தின் வாயிலில் காகித உறைகளை மார்போடு அணைத்து நிற்கும் மக்களைக் காணலாம். வேலை தேடிப் புறப்படும் இளைஞர், மகளின் பிரசவத்திற்கு உதவச் செல்லும் தாய், திருக்கஅபாவைக் கண்ணாரக் காணும் ஏக்கத்துடன் முதியவர் எனப் பலரும் அவ்வரிசையில் இருப்பர்.

பாஸ்போர்ட் என்பது நம் நாடு நமக்குத் தரும் சான்று. விசா என்பதோ, நாம் செல்லும் நாடு நமக்குத் தரும் அனுமதி. பிறர் இல்லத்தினுள் நுழையுமுன் ஸலாம் உரைத்து அனுமதி பெற வேண்டும். திரும்பிச் செல்லுமாறு கூறப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்னும் ஒழுக்கத்தைத் திருக்குர்ஆனின் ‘அந்நூர்’ அத்தியாயம் (24:27, 28) கற்பிக்கின்றது. ஒரு வீட்டுக்கு உரிய இவ்வொழுக்கம் ஒரு நாட்டுக்கும் உரியதன்றோ?

2024ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த சில நாட்களில், வடபழனியைச் சேர்ந்த அன்பர் ஒருவர் ஜும்ஆத் தொழுகைக்குப் பின் என்னை அணுகினார். படப்பிடிப்புகளுக்கு உடை தைத்தே வாழ்நாளைக் கழித்தவர், அறுபதைக் கடந்தவர். பயண முகவர் ஒருவரிடம் முன்பணம் செலுத்தி, சவூதி அரேபிய விசாவின் நகலைப் பெற்று வந்திருந்தார். “ஹஜ்ரத், இதில் ஜியாரத் என்று எழுதியிருக்கிறதாமே! ஹஜ்ஜுக்கு இது போதும் என்கிறார்கள். நீங்கள் ஒருமுறை படித்துச் சொல்லுங்கள்” என்றார்.

படித்தேன். ‘ஸியாரா’ என்ற சொல் அதில் இருந்தது உண்மையே. ஆனால் அரபியில் அதன் பொருள் வருகை, சந்திக்கச் செல்லுதல் என்பதாகும். அச்சொல்லையே நாம் ‘ஜியாரத்’ என ஒலித்துப் புனிதத் தலங்களைக் காணச் செல்வதற்கு வழங்கி வருகின்றோம். அவர் கையில் இருந்தது உறவினரையும் ஊரையும் பார்த்துவர வழங்கப்படும் வருகை விசா. அது ஹஜ் விசா அன்று. “பாய், இந்த அனுமதியைக் கொண்டு ஹஜ்ஜுக்குச் செல்ல இயலாது” என்றேன். அவர் முகம் வாடியது. “அல்லாஹ்வின் வீட்டுக்குப் போக மனிதனின் முத்திரை எதற்கு, ஹஜ்ரத்?” என்று கேட்டார்.

வாசக அன்பர்களே! அவர் கேட்ட கேள்வி ஏளனமானதன்று; ஏக்கத்தில் பிறந்தது. அதற்குரிய விடையை நம் சொந்தச் சொற்களில் தேட வேண்டியதில்லை. அண்ணலாரின் வாழ்விலேயே அது இருக்கின்றது.

ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 628இல், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏறத்தாழ 1,400 தோழர்களுடன் இஹ்ராம் உடை தரித்து, பலிப் பிராணிகளையும் ஓட்டிக்கொண்டு உம்ராவுக்குப் புறப்பட்டார்கள். மக்கா அவர்கள் பிறந்து வளர்ந்த ஊர். எனினும் அப்போது அதன் ஆட்சி குறைஷியர் கையில் இருந்தது. ஹுதைபிய்யா என்னுமிடத்தில் பயணம் தடைப்பட்டது. அங்கேயே தங்கி, உஸ்மான் (ரலி) அவர்களைத் தூதராக அனுப்பிப் பேச்சு நடத்தினார்கள்.

முடிவில் உடன்படிக்கை எழுதப்பட்டது. குறைஷியரின் சார்பில் வந்த சுஹைல் இப்னு அம்ரு, ‘இறைத்தூதர்’ என்ற சொல்லை ஏற்க மறுத்தார். அண்ணலார் அதனை நீக்கச் செய்து, ‘அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது’ என எழுதச் செய்தார்கள். தம் பெயரும் தந்தையின் பெயரும் மட்டுமே! இவ்வாண்டு திரும்பிவிட வேண்டும். அடுத்த ஆண்டு வந்து மூன்று நாட்கள் தங்கலாம் என்பது நிபந்தனை. தோழர்கள் உள்ளம் குமுறினர். ஆயினும் அண்ணலார் அங்கேயே பலியிட்டு, தலைமுடி களைந்து திரும்பினார்கள்.

அடுத்த ஆண்டு அனுமதியுடன் மக்காவினுள் நுழைந்து உம்ராவை நிறைவேற்றினார்கள். மூன்று நாட்கள் முடிந்ததும், புறப்படுமாறு குறைஷியர் கூறினர். மைமூனா (ரலி) அவர்களுடனான திருமண விருந்தை மக்காவிலேயே நடத்தி, குறைஷியரையும் அதற்கு அழைக்க அண்ணலார் விரும்பினார்கள். அவர்கள் இசையவில்லை. விருந்துக்காகவும் தவணையை மீறாமல் ஊரை விட்டு வெளியேறி, ஸரிஃப் என்னுமிடத்தில் இல்லறம் தொடங்கினார்கள். பெற்ற அனுமதியின் அளவை மதிப்பதற்கு இதனினும் உயர்ந்த சான்று வேண்டுமோ?

அந்த ஹுதைபிய்யா இன்று ‘ஷுமைசி’ என அழைக்கப்படுகின்றது. ஜித்தாவிலிருந்து மக்கா செல்லும் வழியில், அவ்விடத்திலேதான் இன்றும் சோதனைச் சாவடி அமைத்து ஹஜ் பயணிகளின் அனுமதிச் சீட்டைப் பார்க்கின்றனர். அண்ணலார் காத்திருந்த மண்ணைப் பொய்ச் சொல்லிக் கடப்பதா நமக்கு அழகு?

கட்டுப்பாட்டுக்குக் காரணமும் உண்டு. அரஃபாவும் மினாவும் விரிந்துகொண்டே போகும் வெளிகள் அல்ல. ஆகவே ஒவ்வொரு நாட்டுக்கும் ஆயிரம் முஸ்லிம்களுக்கு ஒருவர் என்ற அளவை இஸ்லாமிய நாடுகளின் கூட்டமைப்பு 1980களின் இறுதியில் வகுத்தது. 2025ஆம் ஆண்டுக்கு இந்தியாவுக்கு 1,75,025 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஒருவர் மறைவாக நுழைந்தால், முறைப்படி வந்தவருக்கென அமைத்த கூடாரமும் தண்ணீரும் மருத்துவமும் குறைகின்றன. அது பிறர் உரிமையில் கை வைப்பதாகும்.

2024ஆம் ஆண்டு, மே 23 முதல் ஜூன் 21 வரை வருகை விசா உடையோர் மக்காவினுள் நுழையலாகாது எனச் சவூதி அரசு அறிவித்தது. அனுமதியின்றி ஹஜ்ஜுக்குச் செல்வது பாவம் என அந்நாட்டு மூத்த மார்க்க அறிஞர் அவையும் அறிவித்தது. அவ்வாண்டு ஹஜ்ஜின்போது வெப்பம் 51.8 பாகை செல்சியஸைத் தொட்டது. இறந்தோர் 1,301 பேர் என்றும், அவர்களுள் 83 விழுக்காட்டினர் அனுமதி பெறாதோர் என்றும் சவூதி அரசு தெரிவித்தது. பேருந்தும் நிழலுமின்றி நெடுந்தொலைவு வெயிலில் நடந்தவர்கள் அவர்கள். ஒரு காகிதத்தின் மதிப்பு அன்று உயிரின் மதிப்பாயிற்று!

எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் சிலவற்றை மனத்திற் கொள்ளுங்கள். நம் தமிழ்ப் பெயர்களில் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னிற்கும். முஹம்மது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் பலவாறு எழுதுகின்றோம். ஆகவே எல்லா ஆவணங்களிலும் ஒரே எழுத்துக்கோவை இருக்கட்டும். பயண நோக்கத்தை உள்ளபடி எழுதுங்கள். முன்பு மறுக்கப்பட்டிருந்தால் மறைக்காதீர்கள். முகவர் நிரப்பிய படிவத்தையும் படித்துப் பார்த்தே கையொப்பமிடுங்கள்; பொய்யை எழுதியது பிறர் கையாயினும், கையொப்பம் நம்முடையதே. ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு ‘அல்மாயிதா’ அத்தியாயம் தன் தொடக்கத்திலேயே ஏவுகின்றது. விசாவும் ஓர் ஒப்பந்தமே.

அந்த அன்பர் அவ்வாண்டுப் பயணத்தைக் கைவிட்டார். முன்பணத்தில் ஒரு பகுதி திரும்ப வரவில்லை. பின்னர் ஹஜ் குழுவின் வழியாக முறைப்படி விண்ணப்பித்தார். குலுக்கலில் அவர் பெயர் வரவில்லை. “நான் இன்னும் ஹுதைபிய்யாவில்தான் இருக்கிறேன், ஹஜ்ரத்” என்று புன்னகையுடன் சொன்னார்.

ஹுதைபிய்யாவிலிருந்து திரும்பும் வழியில்தான் ‘அல்ஃபத்ஹ்’ அத்தியாயம் அருளப்பெற்று, அத்திரும்புதலைத் தெளிவான வெற்றி என்றது. வழி அடைக்கப்பட்டவரின் நேர்மையான காத்திருப்பையும் இறைவன் ஏற்றுக்கொள்கின்றான். அந்த அன்பருக்கும், வரிசையில் நிற்கும் நம் அனைவருக்கும் நேரான வழியை அவன் திறந்தருள்வானாக!