'ஆம்' என்று எழுதலாமா?

ஆனேக்கலில் எங்கள் தெருவில் பட்டுத்தறி வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்று உண்டு. தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தாலும் மூத்த பையனுக்குக் காது எப்போதும் ஆகாயத்தின் பக்கம்தான். ஓசூரைத் தாண்டி பேளகொண்டப்பள்ளியில் இருக்கும் ஓடுபாதையைப் பார்க்க சைக்கிளிலேயே போய் வருவான்.

சென்ற மாதம் அவன் தாயார் ஒரு படிவத்துடன் எங்கள் வீட்டுக்கு வந்தார். "அண்ணா, நீங்க எச்.ஏ.எல்.லே இருந்தவரு. இந்தக் கேள்விக்கு என்ன எழுதறதுன்னு பார்த்துச் சொல்லுங்க."

விமானி ஆவதற்கான மருத்துவச் சான்றிதழ் விண்ணப்பம் அது. இதற்கு முன் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றதுண்டா என்பது கேள்வி. பையன் பி.யூ.சி. இரண்டாம் ஆண்டில் தூக்கமின்றி, சாப்பாடின்றி ஒடுங்கிப் போனது எனக்குத் தெரியும். மனச்சோர்வு என்றார் மருத்துவர். எட்டு மாதம் மாத்திரை, பிறகு நிறுத்தம். இரண்டு வருடமாக நன்றாகவே இருக்கிறான். உறவினர் எல்லோரும் ஒரே குரலில் சொன்ன யோசனை, "இல்லைன்னு எழுதிடு."

ரிவெட் அடித்துப் பிழைத்தவனுக்கு மருத்துவம் என்ன தெரியும்? ஆனாலும் தெரிந்தவர்களைக் கேட்டேன், கிடைத்ததைப் படித்தேன். அன்பர்கள் வீட்டிலும் இந்தக் கேள்வி வரலாம் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பயிற்சி விமானிக்கு முதலில் இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டும். சம்பளத்துக்கு விமானம் ஓட்ட முதல் வகுப்பு. முதல் வகுப்புப் பரிசோதனை நடக்கும் இடங்களில் ஒன்று நம் பெங்களூரிலேயே, விமானபுராவில் இருக்கிறது. 1957-இல் தொடங்கிய விமானப்படையின் வான்பயண மருத்துவ நிலையம் அது. கண், காது, இருதயத்தோடு மனத்தையும் பார்க்கிறார்கள்.

ஒருமுறை மனச்சோர்வு வந்தால் ஆயுள் முழுக்கக் கதவு அடைப்பு என்று பலர் நினைக்கிறார்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகள் அப்படிச் சொல்லவில்லை. விமானம் ஓட்டும் பாதுகாப்பை அந்த நோய் கெடுக்குமா என்பதே அவற்றின் கேள்வி. என்ன நோய், எவ்வளவு கடுமை, திரும்ப வந்ததா, மருந்து நின்று எத்தனை நாள் என்றெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். சித்தப்பிரமை போன்ற கடும் நோய் என்றால் வழி மிகக் கடினம். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் 2010 முதல், மனச்சோர்வுக்கான குறிப்பிட்ட சில மருந்துகளில் ஒன்றைச் சாப்பிட்டுக்கொண்டே, கண்காணிப்பின் கீழ் விமானம் ஓட்டவும் அனுமதி உண்டு.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2015 மார்ச் 24 சாட்சி. ஜெர்மன்விங்ஸ் துணை விமானி பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் விமானத்தை வேண்டுமென்றே மோதினார். அவரையும் சேர்த்து 150 பேர் மாண்டனர். பயிற்சிக் காலத்தில் மனச்சோர்வு வந்து, குணமாகி, முறைப்படி சான்றிதழ் பெற்றவர்தான் அவர். நோய் திரும்பியபோது பல மருத்துவர்களைப் பார்த்தும் நிறுவனத்திடம் மூச்சு விடவில்லை. பறக்கும் உரிமையும் வருமானமும் போய்விடும் என்ற பயம் விமானிகளை வாய்மூட வைக்கிறது என்று விசாரணை அறிக்கையே எழுதியது. நம் நாட்டிலும் 2023 பிப்ரவரியில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், விமானிகள் சக விமானிகளிடம் மனம்விட்டுப் பேசும் ஏற்பாட்டை நிறுவனங்கள் செய்யவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது.

பையனின் அப்பாவிடம் நான் இன்னொரு கணக்கும் சொன்னேன். விமானப் பயிற்சிக்குப் பல லட்சங்கள். தறியை அடகு வைத்துப் பணம் கட்டி, உண்மையை மறைத்து உரிமம் வாங்கினால், தகவலை மறைத்துப் பெற்ற உரிமத்தை ரத்து செய்ய 1937-ஆம் ஆண்டு விமான விதிகளிலேயே இடம் உண்டு. ஆகவே முதலில் சான்றிதழ், பிறகு பணம். ஏஜெண்டு எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சரி. 'தற்காலிகத் தகுதியின்மை' என்று வந்தாலும் கலங்கவேண்டாம். மறுபரிசோதனையும் மேல்முறையீடும் இருக்கின்றன.

சிகிச்சை அளித்த மருத்துவரிடம் விவரமான அறிக்கை வாங்கச் சொன்னேன். நோயின் பெயர், மருந்து, அளவு, நிறுத்திய தேதி, இன்றைய நிலை எல்லாம் அதில் இருக்கவேண்டும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி தன் மருத்துவப் பதிவுகளைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை.

எல்லாம் கேட்டுவிட்டு அந்த அம்மாள் மெல்லச் சொன்னார்: "அதெல்லாம் சரிங்கண்ணா. நாளைக்கு இவன் தங்கச்சிக்கு வரன் பார்க்கணுமே, காகிதத்துல எழுதிட்டா வெளியே தெரிஞ்சிடாதா?"

பதிவுகளை ரகசியமாக வைக்கவேண்டும் என்று அதே சட்டம் சொல்வதை எடுத்துச் சொன்னேன். ஊர் வாய்க்குச் சட்டம் உண்டா என்று அவர் திருப்பிக் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை.

பேனாவை எடுத்தவன் பையன்தான். 'ஆம்' என்று எழுதி, தேதியும் போட்டான். திங்கட்கிழமை தாயும் மகனுமாக சந்தாபுரா வழியாக பஸ் பிடித்து மருத்துவரிடம் போய் அறிக்கை வாங்கி வந்தார்கள். இரண்டாம் வகுப்புப் பரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்கிறான். அதுவரை அப்பாவுக்குத் துணையாகத் தறியில் உட்காருகிறான்.