கடற்கரையோடு முடிந்துபோகும் பாண்டி

திரைக்குள் ஊர் – 11

அரிவாளோடு மட்டுமே திரையில் வரும் மதுரையைச் சென்ற வாரம் பார்த்தோம். புதுச்சேரிக்கு நேர்ந்தது வேறு. அதைக் கெட்ட ஊராக்கியதைவிடச் சின்ன ஊராக்கியதுதான் அதிகம். மஞ்சள் சுவர், காந்தி சிலை, போலீஸ்காரரின் சிவப்புத் தொப்பி, மலிவு சரக்கு: அரை நாளில் படம்பிடித்து முடித்துவிடலாம். ஆங் லீயின் ‘லைஃப் ஆஃப் பை’ (2012) பிரெஞ்சுத் தெருக்களை உலகெங்கும் கொண்டுபோனது. ‘நானும் ரௌடிதான்’ (2015) கூடவே ரௌடிகளையும் சேர்த்தது.

கடற்கரைக்கு முதுகைக் காட்டி, வில்லியனூரைத் தாண்டி மேற்கே போனால், விழுப்புரம் மாவட்ட எல்லையை ஒட்டி, மண்ணாடிப்பட்டு கொம்யூனில் இருக்கிறது திருக்கனூர். கரும்பும் நெல்லும் விளையும் பூமி. மேலே சொன்ன நான்கில் சரக்குக்கு மட்டும் இங்கே குறைவில்லை, எல்லையோரம் அல்லவா! டி.வி.யில் ஊர்ப் பெயர் அடிபடுவதும் பெரும்பாலும் அதனால்தான். மடக்கிய வண்டி, அடுக்கிய பாட்டில்கள், பின்னால் வரிசையாகப் போலீசார். பார்ப்பவர் மனதில் ‘கடத்தல் ஊர்’ என்று பதிந்துவிடுகிறது.

இதில் யாருடைய சதியும் இல்லை, கணக்குதான் இருக்கிறது. செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஸ்ட்ரிங்கருக்கு, போலீஸ் தரும் படம் வாட்ஸ்அப்பிலேயே வந்துவிடும். கரும்பு விவசாயியிடம் பைட் வாங்க வேண்டுமானால் பெட்ரோலும் அரை நாளும் போகும். அனுப்பினாலும் டெஸ்க்கில் கேட்கும் முதல் கேள்வி, “விஷுவல் இருக்கா?” பக்கத்து லிங்காரெட்டிப்பாளையத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை பல வருடங்களாக ஓடவில்லை. ஓடாத ஆலையில் என்ன அசையும், எதைக் காட்டுவது?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை. மழைக்கோட்டோடு கடற்கரைச் சாலையில் நின்று நிருபர்கள் கத்தினார்கள். பின்னால் அலை எழும்பியது, நல்ல ஃபிரேம். ஆனால் அடுத்த அடி விழுந்தது கடல் பக்கமிருந்து அல்ல. வீடூர் அணை திறந்து சங்கராபரணி பெருகியது; சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை பாகூர் கொம்யூன் கிராமங்களில் புகுந்தது. ஓ.பி. வேன் நிற்பது ஓரிடம், தண்ணீர் வருவது வேறிடம்.

ஊடகங்களில் பெண்களின் நிலையை ஆராய்ந்த அமெரிக்கச் சமூகவியலாளர் கேய் டக்மன், காட்டாமல் விடுவதையும் ஒருவகை அழிப்பாகவே 1978-இல் கணக்கில் வைத்தார். தவறாகக் காட்டினால் மறுப்பாவது அனுப்பலாம். காட்டாததற்கு எங்கே மறுப்பு அனுப்புவது? திருக்கனூர் காகிதக்கூழ் கைவினைக்கும் வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் புவிசார் குறியீடு உண்டு. ‘பாண்டி ஸ்பெஷல்’ நிகழ்ச்சிகளில் குரோசான் வாங்கும் இடத்தில் கால்வாசியாவது இவற்றுக்குக் கிடைக்கிறதா, எண்ணிப் பாருங்கள்.

பிரெஞ்சு வாசனையை விற்கும் அந்த நிகழ்ச்சிகளுக்கு ஒரு தகவல். 1954 அக்டோபர் 18 அன்று மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தது வெள்ளை நகரத்தின் எந்த மாளிகையிலும் அல்ல. வில்லியனூருக்கு அந்தப் பக்கம் கீழூர் கிராமத்தில். பிரெஞ்சுக் கதையையே சொல்வதானாலும் கேமரா மேற்கே திரும்பித்தான் ஆகவேண்டும்.

(அடுத்த வாரம்: விவாத மேடையில் ‘பொதுமக்கள்’ என்று யாரை உட்கார வைக்கிறார்கள்?)