எங்கள் கரை – 14: ஏரிக்கு அப்பால் இருக்கும் காடு

சென்ற வாரம் எண்ணூர்க் கழிமுகத்தோடு நின்றோம். கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் இடத்தில், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த சேற்றில் கையால் இறால் தடவிப் பிடிப்பவர்களைப் பற்றிப் பேசினோம். இந்த வாரம் அங்கிருந்து இன்னும் வடக்கே போவோம்.

காசிமேட்டிலோ ராயபுரத்திலோ யாரிடமாவது, லீவு நாளில் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மெரினா, வண்டலூர், மகாபலிபுரம் என்று தெற்கையே காட்டுவார்கள். கன்டெய்னர் லாரிகளையும் புகைபோக்கிகளையும் பார்த்தே வளர்ந்த நமக்கு, வடக்கே இயற்கை என்று ஒன்று மிச்சம் இருக்கும் என்றே தோன்றுவதில்லை. ஆனால் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி வடக்கேதான் இருக்கிறது. கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறினால் காலைச் சாப்பாட்டு நேரத்துக்குள் அதன் கரையில் நிற்கலாம். பழவேற்காடு ஏரி நமக்கு அவ்வளவு பக்கம்.

ஏரி தெற்கிலிருந்து வடக்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம். தென்கோடி திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது; பெரும்பகுதி ஆந்திராவுக்குள் கிடக்கிறது. தெற்கில் ஆரணி ஆறும் வடக்கே காளங்கியும் சொர்ணமுகியும் மழைநீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. கிழக்கே முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வந்து போகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி 450 சதுர கிலோமீட்டர் அளவுக்கு விரியும். சித்திரை வெயிலில் 250 அளவுக்குச் சுருங்கிவிடும். மழைக்காலத்தில் வாயில் வைத்தால் உப்பே தெரியாத இடங்களில், கோடையில் கடல்நீரைவிட அதிகமாகக் கரிக்கும். பெரும்பாலான இடங்களில் ஆழம் இடுப்பளவு, மார்பளவுதான். இந்த ஆழமில்லாத நீரில்தான் இவ்வளவு உயிர்களும் பிழைக்கின்றன.

பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்துப் பழவேற்காடு ஊருக்குப் போவது. இன்னொன்று ஆந்திர எல்லையைத் தாண்டி சூலூர்ப்பேட்டை வரை ரயிலில் போய், அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா சாலையைப் பிடிப்பது. பறவைகளுக்காகப் போகிறவர்கள் இரண்டாவது வழியையே தேர்ந்தெடுப்பது நல்லது. அந்தச் சாலை ஏரியின் குறுக்கே பல கிலோமீட்டர் நேராக ஓடுகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை அந்தச் சாலையோரம் நின்றால் பூநாரைக் கூட்டம் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மேய்வதைப் பார்க்கலாம்.

பூநாரை மேயும் விதத்தைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். கால்களால் சேற்றை மிதித்துக் கலக்கும். கழுத்தை வளைத்துத் தலையைத் தலைகீழாக நீருக்குள் விடும். நாக்கால் தண்ணீரை இழுத்துத் தள்ளும்போது, அலகின் ஓரத்தில் இருக்கும் சல்லடை போன்ற அமைப்பில் சிறு இறால்களும் பாசியும் தங்கிவிடும். அதன் இளஞ்சிவப்பு நிறமே அந்த இரையில் இருந்து வருவதுதான். ஏரியில் இரை குறைந்தால் பறவையின் நிறமும் மங்கும். இந்தப் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் பெரிய இடம் குஜராத்தின் கட்ச் உப்புவெளி. அவ்வளவு பெரிய பறவை தன் குளிர்கால உணவுக்கு நம் வாசலை நம்பியிருக்கிறது.

சூலூர்ப்பேட்டைக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் நேலப்பட்டு இருக்கிறது. அங்கே குளத்துக்குள்ளேயே மரங்கள் நீரில் கால் நனைய நிற்கின்றன. அவற்றின் மீது கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. தாய்ப்பறவை பழவேற்காட்டுக்குப் பறந்து வந்து மீன் பிடித்துப் போய் அங்கே குஞ்சுக்கு ஊட்டும். தொட்டில் ஓரிடம், அடுப்படி வேறிடம். ஒன்றை மட்டும் காப்பாற்றினால் போதாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

இனி காடு. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடும் இடம் என்றுதான் அதை நமக்குத் தெரியும். 1971 அக்டோபரில் ரோகிணி என்ற சிறு ராக்கெட் அங்கிருந்து முதலில் கிளம்பியது. ஆனால் அந்தத் தீவின் பெரிய செல்வம் அதன் காடு. பாலை, காயா, வீரை, நாவல் என்று குட்டையாகவும் நெருக்கமாகவும் நின்று, வெயில் காலத்திலும் இலை உதிர்க்காத உலர் பசுமைமாறாக் காடு அது. ஒரு காலத்தில் சோழமண்டலக் கரை நெடுக இருந்த இந்த வகைக் காடு இன்று கோயில் காடுகளாகவும் சிறு திட்டுகளாகவும் சுருங்கிவிட்டது. எஞ்சியவற்றில் மிகப் பெரிய பரப்புகளில் ஒன்று இந்தத் தீவில்தான். இந்த மரங்களில் பெரும்பாலானவை சதைப்பற்றுள்ள சிறு பழம் பழுப்பவை. கொண்டைக்குருவியும் மரநாயும் அவற்றைத் தின்று விதையைப் பரப்புகின்றன. பறவை போனால் காடும் மெல்லப் போய்விடும்.

விண்வெளி மையத்துக்காகத் தீவு மூடப்பட்டதால் காடு தப்பியது உண்மை. அதற்காக அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மீனவர்களும் யானாதி மக்களும் இடம்பெயர்ந்தார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

அந்தக் காட்டுக்கும் வடசென்னைக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1801-ல் தொடங்கி 1806-க்குள் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டினார்கள். பிறகு அதைப் பழவேற்காடு ஏரி வழியாக ஆந்திரா வரை நீட்டினார்கள். தாது வருஷப் பஞ்சத்தில் வேலைக்கு வந்த ஏழைகளின் கைகளால் அடையாறு, கூவம் நடுவிலான பகுதி வெட்டப்பட்டபோதுதான் அன்றைய கவர்னரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆனது. அந்தக் கால்வாயில் படகு படகாக ஸ்ரீஹரிகோட்டா விறகு சென்னைக்கு வந்தது. நம் முன்னோர் சோறு பொங்கியது அந்தக் காட்டை எரித்துத்தான். இன்று அதே கால்வாய் நம் தெருக்களுக்குப் பின்னால் கறுப்பாகத் தேங்கி நிற்கிறது.

பழவேற்காடு ஊருக்குள் போகிறவர்கள், டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்டிரியா கோட்டையின் தடயத்தையும், தொல்லியல் துறை காத்துவரும் அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தையும், மகிமை மாதா கோயிலையும், பனையோலைப் பெட்டி முடையும் பெண்களையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். கலங்கரை விளக்கம் கடற்கரைப் பக்கம் இருக்கிறது. ஆனால் அந்த ஊரில் நான் எல்லாவற்றையும்விட மதிப்பது கண்ணுக்குத் தெரியாத ஒன்றை. அது பாடு.

முகத்துவாரத்தை ஒட்டி இறால் அதிகம் கிடைக்கும் இடங்களைக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் தங்களுக்குள் பாடுகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. எந்த நாளில் எந்த ஊர், அந்த ஊருக்குள் எந்தத் தலைக்கட்டு, எந்தப் பாட்டில் சுத்து வலை போடுவது என்பதை முறை வைத்தும் சீட்டுப் போட்டும் முடிவு செய்கிறார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிரந்தரமாகக் கிடைக்காது; மோசமான இடமும் ஒருவர் தலையிலேயே விழாது. இந்த முறைக்குள் இடம் கிடைக்காதவர்களின் மனக்குறையும் உண்டு. இருளர் பெண்கள் பறி என்ற கூடையை வாயில் கவ்வியபடி கரையோர நீரில் தடவித்தான் இறால் எடுக்கிறார்கள். ஆனாலும் ஆழமில்லாத ஓர் ஏரியை ஒரே தலைமுறையில் வாரித் தீர்த்துவிடாமல் வைத்திருக்கும் அறிவு அந்தச் சீட்டில் இருக்கிறது.

இங்கேதான் காசிமேடு உள்ளே வருகிறது. வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகள் அலையோடு முகத்துவாரத்துக்குள் நுழைந்து, ஏரியின் பாசிக்குள்ளும் அலையாத்தி வேர்களுக்குள்ளும் ஒளிந்து வளர்ந்து, திரும்பவும் கடலுக்குப் போகின்றன. மடவையும் கொடுவாவும்கூட ஏரிக்கும் கடலுக்கும் வந்து போகிறவைதான். விசைப்படகில் வாரக்கணக்கில் தங்கிப் பிடித்து நம் துறைமுகத்தில் ஏலம் விடும் சரக்கில், இப்படிப்பட்ட ஏரிகளில் வளர்ந்தவை கலந்திருக்கின்றன. முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைத்துக்கொண்டால் அடி முதலில் பழவேற்காட்டுக்கு, அடுத்து நமக்கு.

மணலைப் பற்றி ராயபுரத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இந்தக் கரையில் மணல் ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்காகவே நகர்கிறது. 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடல் உள்ளே வந்தது. தெருக்களும் வீடுகளும் போயின. இன்று கருங்கல் கொட்டித் தடுத்துக்கொண்டிருக்கிறோம். எண்ணூருக்கு வடக்கே 2001-ல் ஒரு துறைமுகம் வந்தது. அதற்குப் பிறகு காட்டுப்பள்ளியிலும் வந்தது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை இன்னும் பெரிதாக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்து வருகிறார்கள். அங்கே கடலுக்கும் உள்நீருக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய மணல்திட்டுதான். அது உடைந்தால் என்ன ஆகும் என்று நம் தெருக்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். அவர்களுடைய பயம் நம்முடைய அனுபவம்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கார்த்திகை பிற்பகுதி முதல் மாசி வரை நல்ல காலம். விடியும் முன்பே போய்ச் சேருங்கள். வெயில் ஏறினால் பறவைகள் தூரமாகிவிடும். ஒரு பைனாகுலர் போதும். பறவைகளைப் பறக்கவைத்துப் படம் எடுக்க ஆசைப்படாதீர்கள். ஒவ்வொரு முறை எழும்பும்போதும் அவை மேய்ந்து சேர்த்த பலம் வீணாகிறது. படகு விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். ஏரி ஆழமில்லாதது, ஆனால் முகத்துவாரத்தின் இழுப்பு அப்படியல்ல. அனுமதி இல்லாத சவாரிக்கு எந்தப் படகுக்காரரையும் வற்புறுத்தாதீர்கள். மீன், நண்டு வாங்குவதாக இருந்தால் கரையில் விற்கும் பெண்களிடம் பேரம் பேசாமல் வாங்குங்கள்.

இதையெல்லாம் நான் சுற்றுலாவுக்காக மட்டும் எழுதவில்லை. வடசென்னையில் ஏதாவது ஒரு திட்டத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று அறிவிப்பு வரும்போது, பழவேற்காட்டு ஏரியைக் கண்ணால் பார்த்திராத ஒருவர் அதற்காக எழுந்து என்ன பேச முடியும்? அந்த நீரையும் பறவையையும் தூரத்துக் காட்டையும் ஒரு முறை பார்த்த பிள்ளை, பெரியவனாகி மைக் முன்னால் நிற்கும்போது காகிதத்தைப் பார்த்துப் படிக்க மாட்டான். இந்தப் பருவம் முடிவதற்குள் உங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். அடுத்த கூட்டம் நடக்கும்போது பழவேற்காட்டுக்காரர்களோடு காசிமேட்டுக்காரர்களும் போய் நிற்க வேண்டும்.

அடுத்த வாரம்: இந்தக் கரைக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைகளும் நம் வலைகளும்.

(தொடரும்)