அறுபதாண்டுச் சக்கரம்

காலத்தை அளந்தறிய வேண்டுமென்னும் அவா மாந்தர்க்கெல்லாம் பொதுவாம். ஆண்டினை எண்ணால் மட்டும் குறியாது பெயரிட்டு வழங்கும் வழக்கம் தமிழகத்திலும் சீனத்திலும் உண்டு. இரு நாட்டாரும் அறுபது ஆண்டுகளையே ஒரு சுற்றாகக் கொண்டனர். பிரபவ முதல் அட்சய ஈறான நம் பெயர்களை நாம் அறிவோம். சீனர் முறை யாதென ஈண்டு ஆராய்வாம்.

சீனர் ஆண்டிற்கொரு விலங்கினை வைத்தனர். எலி, எருது, புலி, முயல், வலுசர்ப்பம், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி என அவை பன்னிரண்டாம். வியாழன் வானத்தை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டுகள் செல்லுமாதலின், இவ்வெண் அக்கோளின் செலவோடு தொடர்புடையதென்ப. மரம், தீ, மண், உலோகம், நீர் என்னும் ஐந்து மூலங்களோ ஒவ்வொன்றும் இவ்விரண்டு ஆண்டுகள் நின்று, பத்தாண்டில் ஒரு சுற்று முடிக்கும். பத்தும் பன்னிரண்டுமாகிய இரு சக்கரங்களும் உடன் சுழன்று, தொடங்கிய நிலையை மீண்டும் ஒருங்கே எய்துதற்கு அறுபது ஆண்டுகள் வேண்டும்.

நம் பஞ்சபூதங்களுள் காற்றும் வானும் உள. சீனர் ஐந்தில் அவை இல்லை. அவர்தம் மூலங்கள் மாறுதலின் படிகளாகவும் கருதப்பட்டன. மரம் தீயைப் பிறப்பிக்கும். தீ சாம்பலாகிய மண்ணைத் தரும். மண் உலோகத்தையும், உலோகம் நீரையும், நீர் மரத்தையும் ஈனும். இதன் முற்பகுதியைக் கண்ணாற் காண விழைவோர் நெய்வேலிக்குச் செல்க. பண்டு தழைத்த காடு புதையுண்டு பழுப்பு நிலக்கரியாயிற்று. அஃது இன்று அனல்மின் நிலையத்தில் தீயாகி, ஈற்றில் சாம்பலாய் எஞ்சுகின்றது.

ஒருவர் பிறந்த ஆண்டினைக் கணிக்கும் வழி எளிது. ஆண்டின் ஈற்றெண் 0, 1 ஆயின் உலோகம். 2, 3 நீர். 4, 5 மரம். 6, 7 தீ. 8, 9 மண். ஆண்டினை 12-ஆல் வகுக்க மீதி 4 வரின் எலி, 5 வரின் எருது என முறையே கொள்க, மீதியின்றேல் குரங்கு. சீனப் புத்தாண்டு ஜனவரிப் பிற்பகுதிக்கும் பிப்ரவரிப் பிற்பகுதிக்கும் இடையே பிறப்பதால், அதற்கு முன்னர்ப் பிறந்தோர் முந்தைய ஆண்டினராவர்.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பரில் தோன்றிற்று. சீனர்க்கு அது தீக்குரங்கு ஆண்டு, நமக்குத் துன்முகி. 2016 நவம்பரில் அந்நிறுவனத்திற்கு அறுபது நிறைந்த காலை, தீக்குரங்கும் துன்முகியும் ஒருங்கே மீண்டிருந்தன.

இம்மட்டும் கணக்கே. கணக்கு அச்சமாக மாறுமிடத்தே தீங்கு தொடங்குகின்றது. சீனர் முறையைக் கைக்கொண்ட ஜப்பானில், தீக்குதிரை ஆண்டிற் பிறந்த பெண் கணவனுக்குக் கேடு சூழ்வாள் என்னும் எண்ணம் வேரூன்றியிருந்தது. அந்நாட்டில் 1965-இல் சுமார் 18 இலட்சம் மகவுகள் பிறந்தன. தீக்குதிரை ஆண்டாகிய 1966-இல் சுமார் 13.6 இலட்சமே. மறு ஆண்டில் அத்தொகை 19 இலட்சத்தைக் கடந்தது. குதிரை எக்கேடும் செய்திலது; அதனைக் குறித்த அச்சமே செய்தது. 2026-இன் பெயரும் தீக்குதிரையே.

பிறர் பேதைமையைக் கண்டு நகைப்பது நமக்குத் தகுமோ? மூல நட்சத்திரத்திற் பிறந்தாள் என்னும் ஒரே காரணத்தால் மணம் தடைப்பட்ட மகளிர் நம் வீதிகளில் இல்லையோ? சித்திரையிற் பிறந்த மகவைக் கண்டு அஞ்சியோர் நம் முன்னோரல்லரோ?

சுரங்கத்திற்கு நிலம் ஈந்தார் பிள்ளைகளும், தொழில் நாடி வந்தார் பிள்ளைகளும், அதிகாரிகளின் பிள்ளைகளும் ஒரே ஆண்டிற் பிறந்தனர். அவர்க்குரிய விலங்கும் ஒன்று, மூலமும் ஒன்று. எனினும் வாழ்க்கை ஒன்றாய் அமைந்திலது. பள்ளி கிட்டியதும் கிட்டாததும், உண்டி நிரம்பியதும் நிரம்பாததுமே அவ்வேற்றுமையை விளைத்தன. ஆகலின் மாணவ நண்பர்காள், ஆண்டின் பெயரைக் காலக்கணக்கிற்குக் கருவியாகக் கொள்வோம். ஒரு பெண்ணையோ பிள்ளையையோ எடைபோடும் துலாக்கோலாகக் கொள்ளாதிருப்போம்.